ஈறின் ஆழத்தை அளந்து பார்த்த பல் மருந்தகம்

வாய் துர்நாற்றத்தைப் பற்றிப் பேசவே பலர் கூச்சப்படுவதால், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்குக்கு எதிரே கீழ்த்தளத்தில் இயங்கும் சிறிய பல் மருந்தகத்தில் நான் பெற்ற சிகிச்சையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். காலையும் இரவும் தவறாமல் பல் துலக்குகிறவன் நான். ஆனாலும் யாரிடமாவது நெருங்கி நின்று பேச நேர்ந்தால் என்னையறியாமல் கை வாய்க்குப் போய்விடும். "வயிற்றில் ஏதோ கோளாறு போலிருக்கிறது" என்று என் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னதை நம்பி, ஓராண்டுக்கு மேலாகச் சீரகத் தண்ணீரும் பேரங்காடியில் விற்கும் வாய் கொப்பளிக்கும் மருந்துமாகக் காலத்தைக் கடத்தினேன். கொப்பளித்த அரை மணி நேரத்தில் நாற்றம் திரும்பிவிடும்.

மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே பத்து நிமிடம் கேள்வி கேட்டார். நீரிழிவு உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில் எழும்போது நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிறதா, தொண்டையிலிருந்து வெள்ளைத் துகள்கள் வருகின்றனவா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். இரத்த அழுத்தத்திற்கு நான் எடுக்கும் நீர்போக்கு மாத்திரை உமிழ்நீரைக் குறைக்கக்கூடும் என்பதும், உமிழ்நீர் குறைந்தால் கிருமிகள் பெருகும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வயிற்றைப் பற்றிக் கேட்டேன். பெரும்பாலானோருக்கு நாற்றம் வாய்க்குள்ளேயே பிறக்கிறது, வயிறு காரணமாக இருப்பது அரிது என்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். ஒரு துண்டு மருத்துவத் துணியால் நாக்கின் பின்பகுதியை, அதாவது என் பிரஷ் ஒருநாளும் எட்டாத இடத்தை, அழுத்தித் துடைத்தெடுத்து, சிறிது நேரம் காயவிட்டு என்னையே முகர்ந்து பார்க்கச் சொன்னார். துணியில் மஞ்சள் படிவம் இருந்தது. அழுகிய முட்டையின் வாடை அடித்தது. காற்றுப் படாத இடுக்குகளில் வாழும் பாக்டீரியாக்கள் உணவிலும் உதிர்ந்த செல்களிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தக வாயுக்கள் உண்டாகின்றன என்று விளக்கினார். (பூண்டு வாடை வேறு வகை. அது இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகவும் வெளிவருவதால், எவ்வளவு துலக்கினாலும் சில மணி நேரம் இருக்கத்தான் செய்யும்.)

பிறகு, கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் செருகி "இரண்டு, மூன்று, ஐந்து" என்று அவர் சொல்லச் சொல்ல, உதவியாளர் கணினியில் பதிந்தார். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான இடைவெளியின் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை. எனக்குக் கடைவாய்ப் பற்களில் ஆறு இடங்களில் 5 இருந்தது. அந்தப் பள்ளங்களை எந்த மருந்தைக் கொப்பளித்தும் சுத்தம் செய்ய முடியாது.

மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு நாள்களில் பாதிப் பாதியாக ஈறுக்கு அடியில் கெட்டிப்பட்டிருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தார்கள். வலி பொறுக்கும்படியாகத்தான் இருந்தது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்தை இரண்டு வாரத்திற்கு மட்டும் கொடுத்து, அதற்கு மேல் தொடர்ந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், நாவின் சுவையும் மாறும் என்று எச்சரித்தார்கள். நாக்கு வழிப்பானைத் தங்களிடமே வாங்க வற்புறுத்தாமல், தேக்காவில் கிடைக்கும் எஃகு வழிப்பானே போதும் என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பின்னாலிருந்து முன்னால், குமட்டாத அளவுக்கு மென்மையாக, நான்கைந்து முறை இழுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. முதல் சந்திப்புக்கு மூன்று வாரம் காத்திருந்தேன். ஈறுச் சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகும் என்பதை, நாற்காலியில் அமர்ந்த பிறகல்லாமல், தொலைபேசியில் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கலாம். அரசாங்கத்தின் மருத்துவச் சலுகைக்கான சாஸ் (CHAS) நீல அட்டையோ முன்னோடித் தலைமுறை அட்டையோ வைத்திருப்பவர்கள், தங்களுக்கு எவ்வளவு கட்டணக் கழிவு கிடைக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்தார்கள். ஐந்து இடங்களில் 3 ஆகக் குறைந்திருந்தது. வலப்பக்கக் கடைசிப் பல்லில் மட்டும் இன்னும் 5 இருப்பதால், வரும் மாதம் மறுபடியும் போகிறேன்.