கட்டிலுக்கு அடியில் ஒரு டிக் டிக்: கேரவன் டீசல் ஹீட்டருடன் மூன்று குளிர்காலம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "பழைய கேரவன் ஒண்ணு பாத்திருக்கேன். உங்ககிட்ட இருக்கற அதே டீசல் ஹீட்டர்தான். நம்பி வாங்கலாமா?" (கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியை நினைக்க வேண்டாம். இங்கே ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் குட்டி வீடு.) ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் இரண்டு குளிர்காலமும் கடலோரமாகவே சுற்றினோம். ராத்திரி ஒரு மணி நேரம் ஹீட்டர் ஓடினால் அதிகம். அப்போதே அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை. டீசலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளும் பம்ப், சொட்டுக்கு ஒரு 'டிக்' போடும். அதை எங்கள் வண்டியில் கட்டிலுக்கு நேர் கீழே, தரையோடு சேர்த்து இறுக்கியிருக்கிறார்கள். பகலில் காதில் விழாது. ஊர் அடங்கியபின், குழாயைச் சரியாக மூடாத வீட்டில் படுத்திருப்பது போல இருக்கும். சூட்டைக் குறைத்தால் டிக்கும் மெதுவாகிறது என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஆகக் குறைந்த அளவில்தான் ஓட்டினேன்.

கடந்த ஜூலையில் மனைவியின் ஊரான புரோக்கன் ஹில்லுக்குக் கிளம்பினோம். அவள் அப்பா அங்கே மருத்துவராக இருந்தவர். பன்னிரண்டு வயதுவரை அவளுக்கு அந்தச் சுரங்க ஊர்தான் உலகம். சிட்னியிலிருந்து ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். டப்போ, நிங்கன், கோபார், வில்கேனியா என்று உள்ளே போகப் போக மரங்கள் குட்டையாகி மண் சிவக்கிறது. பகலில் ஸ்வெட்டர்கூட வேண்டாம். மேகமே இல்லாத வானம், அதனால் பொழுது சாய்ந்ததும் சூடெல்லாம் போய்விடும். அந்தி நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் இருட்டுமுன் வண்டியை நிறுத்தியாக வேண்டும். ஆக இரவு நீளம், ஹீட்டருக்கு வேலையும் நீளம்.

கோபாரில் பின்னிரவு மூன்று மணிக்கு டிக் நின்றது. வெளியே 2 டிகிரி. திரையில் ஏதோ பிழை எண். மறுபடி போட்டால் வெள்ளைப் புகை, டீசல் நாற்றம், அப்புறம் தானாக அணைந்துவிடும். "அதான் சத்தம் நின்னுடுச்சே, இப்பத் தூங்குங்க" என்றாள் மனைவி, இரண்டு போர்வைக்கு உள்ளேயிருந்து.

மறுநாள் 450 கிலோமீட்டரும் அதைத் தயாரித்தவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

ஊரில் ஒரு மெக்கானிக் பிரித்துக் காட்டினார். எரியும் அறை முழுக்கக் கரி. டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக்கின் சல்லடை அடைத்துக் கிடந்தது. "எப்பவும் சின்னதாவே எரிய விடுவீங்களா?" என்று கேட்டார். குறைந்த அளவிலேயே ஓடினால் அறை போதிய சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாமல் கரியாகப் படியும், அவ்வப்போது அரை மணி நேரம் முழு வேகத்தில் விட்டு அதை எரித்துவிட வேண்டும் என்றார். கையேட்டிலும் இது இருக்கிறது. அதை யார் படித்தார்கள்!

பிளக்கும் சல்லடையும் வர இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு எரிச்சல், அவளுக்குக் கொண்டாட்டம். அந்த ஊரில் தெருக்களுக்குக் குளோரைடு, சல்பைடு, அயோடைடு என்றெல்லாம் பெயர். சின்ன வயதில் பெரிதாகத் தெரிந்ததெல்லாம் வளர்ந்து போய்ப் பார்த்தால் சுருங்கியிருக்கும் என்பார்கள். ஊர் நடுவே நிற்கும் சுரங்கக் கழிவு மேடு துளியும் சுருங்கவில்லை என்று அவளுக்குப் பரம திருப்தி. தகரச் சுவர் வைத்த பழைய வீட்டை எதிர்ச் சாரியில் நின்று வெகுநேரம் பார்த்தாள். உள்ளே போய்க் கேட்கலாமே என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கடிகாரம் தெற்கு ஆஸ்திரேலியாவுடையது, சிட்னிக்கு அரை மணி பின்னால். போன் தானாக மாறிக்கொண்டது. பழுது பார்த்து வந்த ஹீட்டருக்கு அது தெரியுமா? ஐந்தரைக்கு வைத்த டைமர் ஐந்து மணிக்கே டிக் டிக் என்று எழுப்பியது.

நியாயமாகச் சொன்னால், சூடு பிரமாதம். காஸ் அடுப்பைப் போல உள்ளே ஈரம் சேர்க்காது, ஜன்னல் வியர்க்காது. புகை தனிக் குழாயில் வெளியே போகிறது (கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று எப்படியும் வேண்டும்). ராத்திரி முழுக்க ஓடினாலும் இரண்டு லிட்டர் டீசல் ஆகாது. கரண்ட் இல்லாத வெட்டவெளியிலும் பேட்டரி போதும், பற்றவைக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் அதிகம் இழுக்கும். கெட்டுப்போனதும் என் தப்பால்தான்.

ஆனாலும் வாங்காதீர்கள் நண்பரே. பம்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்தவர் அந்தக் கட்டிலில் ஒரு ராத்திரிகூடப் படுத்திருக்க மாட்டார். ரப்பர் பிடி போட்டு வேறு இடத்துக்கு மாற்றலாம் என்கிறார்கள், நான் இன்னும் மாற்றவில்லை. வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஹீட்டரைப் போடச் சொல்லிவிட்டுக் கட்டிலில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.