ரூஜெத் வௌவாலும் பருந்து அந்துப்பூச்சியும்: ஒன்றின் இடத்தை மற்றது நிரப்புமா?

ரீயூனியன், மொரிஷியஸ் தீவுகளில் இருந்து அழிந்த சிறிய பழந்தின்னி வௌவாலுக்கு அங்கே ரூஜெத் என்று பெயர். சர்க்கரைவள்ளிக் கொடியை மேயும் பருந்து அந்துப்பூச்சி இன்றும் அங்கே தாராளம். இரண்டுமே அந்தி சாய்ந்தபின் பூவைத் தேடுகிறவை. ஒப்புமை அத்தோடு சரி.

பூச்சியின் இறக்கை விரிப்பு 8 முதல் 12 செ.மீ.; உறிஞ்சுகுழல் உடம்பைவிட நீளம், சுமார் 10 செ.மீ. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே குடிக்கும். நீண்ட குழாய் வடிவ வெள்ளைப் பூவென்றால் இதற்கு நிகர் கிடையாது. மகரந்தக் கம்பிகள் வெளியே சிலிர்த்து நிற்கும் பூவில் கதை வேறு: எட்ட நின்று தேனை இழுத்துக்கொண்டு போய்விடும், உடம்பில் மகரந்தம் அதிகம் ஒட்டாது.

ரூஜெத்தின் இறக்கை விரிப்பு சுமார் 60 செ.மீ. பற்கள் சிறியவை என்பதால் தேனும் மென்பழமுமே உணவாக இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். பழவௌவால்கள் பூவுக்குள் முகத்தையே புதைக்கும், ரோமம் முழுக்க மகரந்தம் அப்பிக்கொள்ளும். பழத்தின் பொடி விதைகளை விழுங்கித் தொலைவில் போய் எச்சமிடும். விதை பரப்பும் வேலை பூச்சிக்குச் சுத்தமாக வராது. காட்டுக்கு வேண்டியது வௌவால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிழைப்பதில் மட்டும் பூச்சி கில்லாடி. நூற்றுக்கணக்கில் முட்டை இடும். வெப்பமான காலத்தில் சில வாரங்களில் அடுத்த தலைமுறை தயார். காட்டை வெட்டிக் கிழங்கு நட்டால் அதற்குக் கொண்டாட்டம். கொடியில் இலை காணாமல் போய், கீழே கரும்பச்சை உருண்டைக் கழிவு கிடந்தால் வால்நுனியில் கொம்புள்ள புழுவைத் தேடலாம். அடி மண்ணைக் கிளறினால் பழுப்புக் கூட்டுப்புழு கிடைக்கும். தலைப்பக்கம் ஜாடியின் கைப்பிடி போல ஒரு வளைவு இருக்கும். உறிஞ்சுகுழலின் உறை அது.

பழந்தின்னி வௌவாலோ வழக்கமாக ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். ரூஜெத் தங்கியதும் முதிய மரங்களின் பொந்துகளில். ஒரே பொந்தில் நானூறு வரை அடைந்திருந்ததாக ரீயூனியனில் வாழ்ந்த லா நூ 1772-இல் எழுதியிருக்கிறார். இறைச்சிக்கும் கொழுப்புக்கும் வேட்டையாடினார்கள். அப்படியொரு மரம் கோடரிக்குப் போனால் கூட்டம் மொத்தமும் வீடிழக்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே இனம் முடிந்துவிட்டது. திறந்த கிளைகளில் தொங்கும் அதன் பெரிய உறவினமான கருப்பு வௌவால், அதே வேட்டையைத் தாண்டி மொரிஷியஸில் இன்னும் பறக்கிறது.