மேல்மாடியா, பின்கட்டா? கொழும்பில் பழைய வீட்டைப் பெருப்பித்தல்

கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ எஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீட்டைப் பெருப்பிக்க விரும்புவோருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உள்ளன: கூரையைக் கழற்றி மேல்மாடி எழுப்புவது, அல்லது பழையதை அப்படியே விட்டுப் பின்வளவில் புதிய கட்டு ஒன்றைச் சேர்ப்பது.

மேல்மாடிக்கு மேலதிக நிலம் வேண்டியதில்லை. கொழும்பில் ஒரு பேர்ச்சஸ் காணி என்ன விலை போகிறது என்று அறிந்தவர்களுக்கு இது சிறிய விடயமன்று. ஆனால், கபுக் கல் எனப்படும் செம்பாறைக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்த சுவர் கொங்கிறீற் தட்டின் பாரத்தைச் சுமப்பதற்கென்று கட்டப்பட்டதன்று என்பதால், தனி அத்திவாரத்துடன் புதிய தூண்களை நிறுத்த வேண்டிவரும். அவ்வளவு செலவழித்த பின்னரும், உயர்ந்த ஓட்டுக்கூரை தந்த குளிர்ச்சி திரும்பி வராது. பழைய சுவருக்குச் சீமெந்து பூசுவது இன்னும் கேடு: ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, பூச்சு உப்பிக் கழலும்.

என் தெரிவு பின்கட்டே. இடையில் சிறு முற்றம் விட்டால் இரு பகுதிகளுக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். புதியதைப் பழையது போலச் செய்யவும் தேவையில்லை. இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொள்ளுப்பிட்டியில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கித் தமக்கென அமைத்த இல்லத்தில், முற்றங்களும் ஒளிக்கிணறுகளுமே அந்தத் துண்டுகளை இணைக்கின்றன. கூரைகள் சந்திக்கும் இடத்தில் மழைநீர் வழிந்தோடும் பீலியை மட்டும் தாராளமான அகலத்தில் அமைக்க வேண்டும். தென்மேல் பருவமழை முதலில் சோதிப்பது அதையே.