தேயிலைக்கு போடுற உரத்துலயே அயன், பங்கீட்டுவலுன்னு ரெண்டு இரசாயனப் பிணைப்பும் இருக்கு

ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போற தம்பி தங்கச்சிமாரே, ஹட்டன் பக்கம் மலைக்கு போடுற உரத்த கொஞ்சம் உத்துப் பாருங்க, வெள்ளையா மணி மணியா இருக்கே அது யூரியா, செவப்பா பொடிக்கல்லாட்டம் கெடக்குறது எம்ஓபி, அதாவது பொட்டாசியம் குளோரைட்டு.

எம்ஓபி அயன் பிணைப்பு. பொட்டாசியம் ஒரு இலத்திரன குளோரீனுக்கு குடுத்துரும், ஒன்னு நேரேற்றம் மத்தது மறையேற்றம், எல்லாப் பக்கமும் இழுத்துப் புடிச்சி சாலகமா, அதாவது ஒழுங்கா அடுக்கின கட்டமைப்பா நிக்கிறதால கிட்டத்தட்ட 770 பாகை செல்சியஸ் வரைக்கும் உருகாது. யூரியா பங்கீட்டுவலு, அணுக்கள் இலத்திரன பங்கு போட்டுக்குது, 133 பாகையிலயே உருகிரும். அதுக்காக பங்கீட்டுவலுப் பிணைப்பே வீக்குன்னு எழுதிராதீங்க! உருகுறப்ப விட்டுப்போறது மூலக்கூறுகளுக்கு இடையில உள்ள கவர்ச்சிதான், உள்ளுக்குள்ள பிணைப்பு அப்படியே இருக்கும், நெறைய பேருக்கு மார்க்ஸ் போறது இங்கதான். ரெண்டும் தண்ணில கரையும், ஆனா எம்ஓபி கரைசல்ல கரண்ட் நல்லா பாயும், யூரியாவுல பாயாதுன்னே சொல்லலாம்.