ஆயிரம் மணிகளும் எட்டு அமர்வுகளும்: அணு ஆயுதக் களைவுப் பாடப்பெட்டி ஒன்றின் மதிப்புரை

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அணு ஆயுதக் களைவையும், அந்த ஆயுதங்கள் புதிய நாடுகளுக்குப் பரவாமல் தடுக்கும் பரவல் தடையையும் கற்பிப்பதற்கென்று தமிழில் தயாரிக்கப்பட்ட பாடப்பெட்டி ஒன்றை, பதினாறு பதினேழு வயது மாணவர்கள் இருபத்தெட்டுப் பேரோடு எட்டு வாரங்கள் முழுமையாக நடத்திப் பார்த்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பெட்டிக்குள் ஆசிரியர் கையேடு, எட்டு அமர்வுகளுக்கான மாணவர் தாள்கள், சுவரில் மாட்டும் காலக்கோடு, ஒரு பொட்டலத்தில் ஆயிரம் மணிகள், மாதிரி மாநாட்டுக்கான பாத்திர அட்டைகள் ஆகியவை இருக்கின்றன. வாங்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு, தாராளமாக வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் கையேடு சொல்லும் வரிசையில் நடத்த வேண்டாம்.

இந்தப் பெட்டியின் உயிர் அந்த மணிப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. 993 வெள்ளை மணிகள், 7 சிவப்பு மணிகள். இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏறத்தாழ ஏழுதான் யுரேனியம்-235, அதாவது உலைக்கும் குண்டுக்கும் வேண்டிய எளிதில் பிளவுறும் வகை, என்பதை இவை காட்டுகின்றன. சிவப்பு மணிகளைத் தொடாமல் வெள்ளை மணிகளை மட்டும் பொறுக்கி அகற்றி, சிவப்பின் பங்கை முதலில் 4 சதவீதமாகவும், பிறகு 20 சதவீதமாகவும், கடைசியில் ஏறக்குறைய 90 சதவீதமாகவும் உயர்த்த வேண்டும் என்பது பயிற்சி. முதல் கட்டம் மின் உலைகளின் எரிபொருளுக்கு உரியது. கடைசிக் கட்டம் ஆயுதத்துக்கு உரியது. முதல் கட்டத்தை எட்ட 825 வெள்ளை மணிகளை எடுக்க வேண்டியிருந்தது. மாணவர்களுக்கு அரைமணி நேரம் பிடித்தது, சிலருக்குச் சலிப்பும் தட்டியது. மேசையில் எஞ்சிய 175 மணிகளிலிருந்து இன்னும் 140 ஐ எடுத்ததும் 20 சதவீதம் வந்துவிட்டது. மிச்சமிருந்த 35 இல் 27 ஐ எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு சிவப்பும் ஒரு வெள்ளையுமாக எட்டு மணிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "அப்படியென்றால் மின்சாரத்துக்காகத்தான் செய்கிறோம் என்று சொல்கிற நாடு, பாதிக்கு மேல் வழியைக் கடந்தே விட்டது என்று அர்த்தமா, சார்?" என்று கேட்டாள்.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் நடுவில் இருக்கும் சிக்கலே இந்தக் கேள்விதான். அந்த ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு அமைதிப் பயன்பாட்டுக்கான உரிமையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தருகிறது. மூன்றாம் பிரிவு அந்த உரிமை ஆயுதமாக மாறாமலிருக்கக் கண்காணிப்பை ஏற்கச் சொல்கிறது. ஆறாம் பிரிவு ஆயுதக் களைவை நோக்கி நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தும் கடமையை விதிக்கிறது. 1957 இல் தொடங்கப்பட்ட சர்வதேச அணுசக்தி முகமை ஏன் கேமராக்களையும் முத்திரைகளையும் ஆய்வாளர்களையும் நம்பியிருக்கிறது, ஏன் ஒரு குண்டுக்குப் போதுமானவை என்று 25 கிலோ யுரேனியம்-235, 8 கிலோ புளூட்டோனியம் என்ற அளவுகளை வகுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது என்பதையெல்லாம் அந்த எட்டு மணிகளைப் பார்த்தபின் நான் விளக்க வேண்டிய தேவையே அதிகம் இருக்கவில்லை. கையேட்டில் ஒரு குறிப்பு மட்டும் விடுபட்டிருக்கிறது. யுரேனியம்-235 இன் பங்கை உயர்த்தும் உண்மையான செறிவூட்டலில் அதன் ஒரு பகுதி கழிவோடு போய்விடும். மணிகளைப் போல ஒன்றுகூட இழக்கப்படாமல் இருக்காது. அதை ஆசிரியரே சொல்லிவிட வேண்டும். ஒரு வகுப்புக்கு ஒரே பொட்டலம் என்பதும் போதாது. மற்றக் குழுக்களுக்கு நானே மணிகள் வாங்கிச் சேர்த்தேன்.

இவ்வளவு நல்ல பயிற்சியை ஐந்தாம் அமர்வில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருப்பதுதான் என் முதல் குறை. முதல் அமர்வு 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 இல் தொடங்குகிறது. ஹிரோஷிமாவில் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேரும், நாகசாகியில் சுமார் 74,000 பேரும் இறந்ததைச் சொல்லி, இரண்டு வயதில் குண்டுவீச்சுக்கு உள்ளாகிப் பன்னிரண்டு வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் கதைக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடங்கவே முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதை அடுத்து வரும் மூன்று அமர்வுகளும் வெடிப்பின் ஆரம், கதிர்வீச்சு, அணுப்போரின் புகை வெயிலை மறைத்து உலகையே குளிரவைக்கும் அணுக் குளிர்காலம் என்று அச்சத்தையே அடுக்கிக்கொண்டு போகின்றன. நான்காம் வாரம் முடிந்தபோது ஒரு மாணவன் தாளின் ஓரத்தில், "இதில் நாங்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று எழுதிக் கொடுத்தான். பிள்ளைகளை அந்த இடத்தில் ஒரு மாதம் நிறுத்தி வைக்கக்கூடாது. 1986 இல் உலகில் ஏறத்தாழ 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன, இன்று சுமார் 12,000 இருக்கின்றன என்ற செய்தி இந்தப் பெட்டியில் ஏழாம் அமர்வில்தான் முதன்முதலாக வருகிறது. எப்படிக் குறைந்தது என்று அங்கும் விரிவாகச் சொல்லவில்லை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1987 இல் கையெழுத்திட்ட நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தத்தின்படி 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டதையும், ஒரு தரப்பின் ஆய்வாளர்கள் மறுதரப்பின் தளங்களுக்கே நேரில் சென்று சரிபார்த்ததையும் நான் தனியாகச் சேர்த்துக்கொண்டேன். தென்னாப்பிரிக்கா தான் கட்டி முடித்த ஆறு குண்டுகளையும் தானே பிரித்துப் போட்டுவிட்டு 1991 இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த வரலாற்றுக்குப் பெட்டி ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறது. மாணவர்கள் அதிகக் கேள்வி கேட்டதோ அந்த வரியைப் பற்றித்தான்.

மொழி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1970 இல் நடைமுறைக்கு வந்த 'அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம்', 2021 இல் நடைமுறைக்கு வந்த 'அணு ஆயுதத் தடை ஒப்பந்தம்' ஆகிய இரண்டுக்கும் தமிழில் 'பரவல்' என்ற ஒரு சொல்தான் வேறுபாடு. முதலாவது, 1967 ஜனவரி 1 க்கு முன் வெடித்துப் பார்த்த ஐந்து நாடுகளை அணு ஆயுத நாடுகளாக ஏற்றுக்கொண்டு மற்றவர்களைத் தடுக்கிறது. இரண்டாவது, சேருகிற எவருக்கும் ஆயுதமே கூடாது என்கிறது. மாணவர் தாள்கள் இந்த இரண்டு பெயர்களையும் கவனமில்லாமல் மாற்றி மாற்றி எழுதியிருப்பதால், ஒரு அமர்வு முழுவதையும் குழப்பத்தைத் தீர்ப்பதில் செலவிட நேர்ந்தது. காலக்கோடும் பழையதாகிவிட்டது. 2019 இல் முடிவுக்கு வந்துவிட்ட நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தம் அதில் இன்னும் நடப்பில் இருக்கிறது.

மாதிரி மாநாட்டை ஆர்வத்தோடு எதிர்பார்த்தேன். பரவல் தடை ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வு மாநாட்டை வகுப்பில் நடத்திப் பார்ப்பது அருமையான யோசனை. 2015 இலும் 2022 இலும் இறுதி ஆவணம் இல்லாமலே அது கலைந்தது ஏன் என்பது, ஒருமனதாக ஒரு பத்தியை எழுத முயன்று தோற்றுப்போகும் மாணவருக்குத் தானாகவே விளங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு அட்டையின் கீழ்ப்பாதியிலும் அந்த நாட்டின் பேச்சு முழுவதும் எழுதியே கொடுக்கப்பட்டிருக்கிறது. முதல் நாள் மாணவர்கள் அதை வரி பிசகாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆயுதக் களைவுக் கல்வி குறித்து 2002 இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் அறிக்கை, எதைச் சிந்திப்பது என்பதைவிட எப்படிச் சிந்திப்பது என்பதற்கே முதலிடம் தந்தது. அந்த அளவுகோலில் இந்த அட்டைகள் தேறவில்லை. மறுநாள் கத்தரிக்கோலால் எல்லா அட்டைகளின் கீழ்ப்பாதியையும் வெட்டிவிட்டு, நிலைப்பாட்டை மட்டும் கொடுத்தேன். பேச்சு சூடு பிடித்தது.

அட்டைகளில் சோதனைகளால் பாதிக்கப்பட்ட நாடு ஒன்றுகூட இல்லை. செமிபலாட்டின்ஸ்க் தளத்தில் 1949 முதல் 1989 வரை 456 சோதனைகளைத் தாங்கிய கஜகஸ்தானுக்கும், 1946 முதல் 1958 வரை 67 சோதனைகளைத் தாங்கிய மார்ஷல் தீவுகளுக்கும் இரண்டு அட்டைகளை நானே எழுதினேன். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது தன் மண்ணில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணு ஆயுதங்களை வேண்டாமென்று திருப்பி அனுப்பிய கஜகஸ்தானின் சார்பில் பேசக் கிடைத்த மாணவன்தான் அன்று அதிக நேரம் பேசினான்.

தேர்வுத் தாள் முழுவதும் ஆண்டுகளைப் பொருத்தச் சொல்லும் கேள்விகளே, அதை ஒதுக்கிவிடலாம். அதற்குப் பதிலாக, "எதிர்த்தரப்பு ஏமாற்றவில்லை என்பதை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?" என்ற ஒரே கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னேன். இருபத்தெட்டில் பத்தொன்பது பேர் மணிகளை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வகுப்புக்கு ஹிரோஷிமாவை முதல் வாரத்தில் நடத்தி, இரண்டாம் வாரமே மணிப் பொட்டலத்தைப் பிரிக்கப் போகிறேன்.