கையால் தள்ளும் புல்வெட்டி: சின்ன லானுக்கு இது போதும், ஐப்பசி தவிர

எங்கள் வீட்டு முன்னால் ஒன்றரை சென்ட்டுக்குக் கொரியன் புல் போட்டிருக்கிறோம். கோயமுத்தூர், வடவள்ளிப் பக்கம். இத்தனூண்டு இடத்துக்குப் பெட்ரோல் மெஷின் தேவையில்லை. தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கும் பிரஷ் கட்டரோ புல்லை வெட்டுவதில்லை, பிய்க்கிறது. கிழிந்த நுனி காய்ந்து, லான் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடும். அதனால்தான் 14 அங்குல ரீல் புல்வெட்டி ஒன்று வாங்கினேன். மோட்டார் இல்லை, ஒயர் இல்லை. தள்ளினால் சக்கரம் உருளும், கூடவே கத்திகள் சுழலும். மாதம் ஒருமுறை தோட்ட வேலைக்கு வருபவர் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, புல்லுக்குச் சவரமா?" என்றார்.

சவரம் என்றே சொல்லலாம், வெட்டு அவ்வளவு சுத்தம். உருளையில் இருக்கும் வளைந்த கத்திகள் அடியில் அசையாமல் நிற்கும் நேர்க்கத்தியை உரசிப் போகும்போது புல் நறுக்கென்று துண்டாகிறது. ஆனால் அந்த இரண்டும் சேரும் இடைவெளிதான் மெஷினின் உயிர், அதைச் சரிபார்க்காமலே விற்றிருக்கிறார்கள். பழைய செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து உள்ளே நீட்டி, உருளையைக் கையுறை போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். இடது ஓரம் வெட்டியது, வலது ஓரம் தாளை மடக்கித் தள்ளியது. வலப்பக்கத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, இரு ஓரமும் ஒரே மாதிரி வெட்டிய பிறகுதான் லானில் இறக்கினேன். கொரியன் புல் முரட்டு நார். கத்தி மழுங்கத்தான் செய்யும். மழுங்கினால் டூவீலர் ஸ்பேர் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றினால் கூர் ஏறுகிறது.

சித்திரை, வைகாசியில் வெட்டு உயரத்தை ஒரு படி ஏற்றி வைக்கிறேன். புல் நீளமாக நின்றால் மண்ணுக்கு நிழல், ஈரம் நிற்கும். எப்போதுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது வானம் மூடியிருக்கும், மழை வருகிற மாதிரியே இருக்கும், வராது. காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மேகமூட்டத்தை நம்பித் தண்ணீரை நிறுத்தாதீர்கள். விடியற்காலையில் வேர்வரை இறங்கும்படி விடுங்கள். இந்த மாதங்களில் நறுக்கிய பொடிப் புல்லை வாருவதே இல்லை. அங்கேயே மக்கி உரமாகிறது, யூரியாச் செலவு மிச்சம்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் மெஷின் படுத்துக்கொள்கிறது. ஈரப் புல்லில் சக்கரம் வழுக்கும், கத்தியில் புல் அப்பும். சரி, காயட்டும் என்று விட்டால், அதற்குள் நெடுநெடுவென்று வளர்ந்து, தள்ளும்போது வெட்டுப்படாமல் சாய்ந்துகொள்கிறது. அப்போது கைக் கத்தரிதான் கதி. வெட்டியதை வாரி எடுத்துவிடவும் வேண்டும். ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடித்து, வட்டவட்டமாகப் பழுப்பு விழும். மார்கழி, தையில் புல் வளர்வதே மந்தம், மெஷினுக்கும் பாதி ஓய்வு.

கோரையை ஒழிக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். தலையை வெட்டினால் அடியில் கிழங்கு சும்மா இருக்குமா? குத்தூசி வைத்துக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். மாமர நிழலில் வழுக்கை விழுந்த இடத்துக்கும் எந்த மெஷினும் வழி சொல்லாது. அங்கே நான் கூழாங்கல் கொட்டிவிட்டேன்.

வாரம் ஒரு தடவை தள்ளச் சோம்பல்படாதவர்கள் தாராளமாக வாங்கலாம். மாதம் ஒருமுறைதான் வெட்டுவேன் என்பவர்களுக்கும், ஐந்து சென்ட்டுக்கு மேல் லான் வைத்திருப்பவர்களுக்கும் இது ஆகாது. கடையில் பணம் கொடுக்கும் முன் அடிக்கத்தி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், அந்தச் செய்தித்தாள் சோதனையையும் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.