வெளிநாட்டு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சி: ஒரு ஸ்டாரே ஜாஸ்தி

விசா வந்துச்சு, டிக்கெட் வந்துச்சு, ஏர்போர்ட்ல பேர் எழுதின அட்டையோட ஆளும் நின்னாரு. அந்த ஒரு ஸ்டார் அதுக்குதான். சீசன்ல பழம் பறிக்கிற வேலை, ரூம் ஃப்ரீ, ஓவர்டைம் தனின்னு சொல்லித்தான் அனுப்புனாங்க.

முதல் கோளாறு காசு வாங்குற விதம். பேங்க்ல போட விடமாட்டாங்க, கையிலதான் குடுக்கணும், துண்டுச்சீட்டு கூட கிடையாது, ஏங்க இவ்ளோன்னு கேட்டா "மேல குடுக்கணும்ல தம்பி, ஃபைல் சும்மாவா நகரும்"னு சிரிக்கிறாங்க. எவனோ வாங்குற லஞ்சம் நம்ம தலையில, அதையும் நாம வட்டிக்கு வாங்கித்தான் கட்டுறோம். ஆள் எடுக்குற செலவ தொழிலாளிகிட்ட வாங்கக்கூடாதுன்னு 1997லயே ஐ.எல்.ஓ (ஐ.நா.வோட சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 181ஆவது ஒப்பந்தம் போட்டுருக்கு (சில விதிவிலக்கு உண்டு, எல்லா நாடும் ஏத்துக்கவும் இல்ல). இத்தாலியில 2024ல பிரதமர் மெலோனியே வேலை விசாவ காசுக்கு விக்கிறாங்கன்னு மாஃபியா வழக்கு பாக்குற அரசு வக்கீல்கிட்ட போய் புகார் குடுத்தாங்க, அப்போ இந்த ஏஜென்சி மாதிரி எத்தன இருக்கும்னு பாத்துக்கோங்க.

இறங்கின உடனே பதிவு பண்ணனும்னு சூப்பர்வைசர் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுகிட்டாரு. சம்பளக் கணக்கு ஒரு கிழிஞ்ச நோட்டு. இந்தப் பக்கம் பறிச்ச பெட்டி, அந்தப் பக்கம் கட்டிலுக்கு, வேனுக்கு, கையுறைக்கு, கத்திரிக்குன்னு பிடித்தம். மேல ரெண்டு பழம் நசுங்கியிருந்தா அந்தப் பெட்டியே கணக்குல வராது, ஆனா பழம் மட்டும் லாரில ஏறிடும். மாசக் கடைசில கூட்டிப் பாத்தா நாமதான் அவருக்கு பாக்கி! ஊருக்கு போறேன்னா கடன கட்டிட்டு போ, போலீசுக்கு போனா உன் விசா ஓனர் பேர்ல இருக்கு உன்னைத்தான் புடிப்பாங்கன்னு ஒரே பேச்சு, கதவுக்கு பூட்டே தேவைப்படல.

இன்ஸ்பெக்ஷன் வரும்னு முந்தின நாள் ராத்திரியே தெரிஞ்சிடும். எப்படின்னு கேக்காதீங்க. ரூம கழுவ சொல்வாங்க, புது கையுறை வரும், பேப்பர் சரியில்லாதவங்கள வேன்ல ஏத்தி வேற தோட்டத்துக்கு அனுப்பிடுவாங்க. வந்த ஆபீசர் சம்பளம் சரியா வருதான்னு கேட்டாரு, அத எங்களுக்கு மொழிபெயர்த்தது யாரு, அதே சூப்பர்வைசர். நாங்க என்னத்த சொல்றது.

திரும்பி வந்து ஏஜென்சில கேட்டா "நீ சம்மதிச்சுதான கையெழுத்து போட்ட"ங்கறாங்க. ஏமாத்தி கூட்டிட்டு போயிருந்தா சம்மதம் செல்லாதுன்னு ஆள் கடத்தல் பத்தின 2000ஆம் வருஷ ஐ.நா. பலேர்மோ நெறிமுறை சொல்லுது. கிரீஸ்ல மனோலாடாங்கற ஊர்ல 2013ல சம்பள பாக்கி கேட்ட பங்களாதேஷ் தொழிலாளிங்க மேல ஸ்ட்ராபெர்ரி தோட்டத்து காவலாளிங்க துப்பாக்கியால சுட்டாங்க. அவங்கள யாரும் அடைச்சு வைக்கல, வேலைக்கு ஒத்துகிட்டுதான் வந்திருந்தாங்க, அப்பவும் அது கட்டாய உழைப்புதான்னு 2017ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. இத ஏஜென்சிக்காரங்ககிட்ட சொன்னதும் டீ வேணுமான்னு கேட்டாங்க.

போயே ஆகணும்னா ஒப்பந்தத்த உங்களுக்குப் புரியிற மொழியில எழுதி வாங்குங்க, லைசென்ஸ் நம்பர அரசாங்க வெப்சைட்ல நீங்களே தேடிப் பாருங்க, பாஸ்போர்ட், விசா எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்ல ஒருத்தர்கிட்ட குடுங்க. பறிச்ச பெட்டிய தினமும் தனியா எழுதி வைங்க, அந்த நோட்டு மட்டும் சூப்பர்வைசர் கைக்கு போகக்கூடாது.